மழைப் போத்தல்

கார்த்திகை பிறந்ததும்
படகு மணலில் ஏறிவிட்டது.
எஞ்சினைக் கழற்றிச் சாக்கால் போர்த்தி
அடுப்படி மூலையில் கிடத்தியாயிற்று.
இனித் திருக்கடலூரில்
பகலில் வீட்டிலிருக்கும் ஆம்பிளை நான்.

சுகந்தினி குடையோடு இறங்குகிறாள்
மத்திய வீதிப் புடவைக் கடைக்கு.
"சும்மா இராமப் பிள்ளையளுக்கு
ஏதும் சொல்லிக் குடுங்கோ."

எனக்கென்ன தெரியும்?
எட்டாம் வகுப்போடு முடிந்தன என் கொப்பிகள்.

சோடாப் போத்தலின் கழுத்தை அறுத்து
அதன் வாய்க்குள்ளேயே தலைகீழாய்ச் செருகி,
அடியில் கூழாங்கல் போட்டு,
மிதுசிகாவின் அடிமட்டத்தை
ரப்பர் வளையத்தால் இறுக்கி
முற்றத்தில் நிறுத்தினோம்.
கல்லு மூடுமட்டும் தண்ணீர் விட்டு
அங்கே கோடு கீறினாள் அவள்.
ஒன்று என்றேன்.
"இல்லையப்பா, பூச்சியம்.
பூச்சியத்திலயிருந்துதான் எண்ண வேணும்."
ஆறு வயது.
கவிசனுக்கு மூன்று. அவனுக்கும் ஒரு வேலை:
போத்தலடிக்குத் தவளை வந்தால்
ஓடிவந்து சொல்வது.

முதல் நாள் பன்னிரண்டு மில்லிமீற்றர்.
அடுத்த நாள் முப்பத்தொன்று.
கொப்பியில் மேகமும் கீறினாள்.
சிவப்புப் பென்சில் மட்டுந்தான் மிச்சம்,
அதனால் எங்கள் மாரியெல்லாம் சிவப்பு மேகம்.

கண்ணைப் பொத்திக்கொண்டு கேட்டோம்:
தகரத்தில் விழும் துளி எது,
வாளியில் எது, வாழையிலையில் எது.
விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கி
எந்தப் பக்கம் குளிர்கிறதோ
அந்தப் பக்கம் வாடை என்றோம்.
பூவரசிலைத் தோணிகளை வாய்க்காலில் விட்டோம்.
கவிசனின் தோணி
அவனுடைய செருப்பு.

பெட்டிக்கடைத் தாழ்வாரத்தில்
நனைந்து நின்றது ஒரு மான்.
புள்ளிகளை எண்ணத் தொடங்கினாள்.
நாற்பத்தேழில் அது திரும்பிக்கொண்டது.
மறுபக்கம் வேறு கணக்கு.
விட்ட இடத்தில் தொடர்வதா,
புதிதாய்த் தொடங்குவதா என்று கேட்டாள்.
இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கச்சான் காத்து வந்தா என்ன படிப்பு?"
உப்பு, என்றேன்.
பீங்கானில் கடல்தண்ணி வைத்துக்
காயக் காயப் பார்க்கலாம்.
"அது கச்சான் மணக்குமா?" என்றான் சின்னவன்.
அவள் சிரிக்கவில்லை.
"கச்சானுக்கு நீங்க வீட்டில நிக்கமாட்டீங்களே."

மார்கழியில் இரண்டு நாள் வெளித்தது.
கடைக்காரரின் கடன் கொப்பியிலும்
எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் இருந்தது,
அது எந்த வெயிலுக்கும் காயவில்லை.
வேலிக்கு மேலால் அமலதாஸ் கேட்டான்:
"நாளைக்கு இறக்குவமே?"

விடிய எழும்பினால்
மணல் காய்ந்து கிடக்கிறது.
வாழையிலை காய்ந்து கிடக்கிறது.
போத்தலில் நாற்பது.

"பாருங்கோ அப்பா, நாப்பது!
கடலுக்கு இன்னும் கூடாது."
சட்டை விளிம்பு நனைந்திருந்தது.
கையைப் பின்னால் கட்டியிருந்தாள்.
கேட்காமலே வந்து அறிக்கை தந்தான் சின்னவன்:
"தவளை வரேல்ல.
அக்காதான் வந்தவ."

அடிக்க ஓங்கவும் இல்லை,
அணைக்கத் தோன்றவும் இல்லை.
கொப்பியை வாங்கி
என் எட்டாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதினேன்:

மழை: பூச்சியம்.
தண்ணீர்: நாற்பது.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அப்ப இது பிழையில்லையா?"
பிழையில்லை, இரண்டு வரி, என்றேன்.

அடுத்த நாள் இருட்டோடு
எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு போனோம்.
பாதிவழியில் பிடித்துக்கொண்டது மழை.
இரண்டு கூடை சாளை,
ஒரு கிழிந்த வலை.

திரும்பி வந்தபோது
அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.
அடுப்படியில், எஞ்சின் கிடந்த இடத்தில்
கொப்பி விரித்துக் கிடந்தது.
மூன்றாவதாய் ஒரு வரிக்குச்
சிவப்புக் கோடு அடித்திருந்தாள்.

மழை: ஐந்து.
தண்ணீர்: ஐந்து.
அப்பா:

அதற்கப்பால் வெற்றிடம்.
பக்கத்தில்
கூர் தீட்டி வைத்த பென்சில்.

கையைத் துடைத்துக்கொண்டு எழுதினேன்:
ஒன்பது இருபது.
நனைஞ்சு.