வலது இருக்கை

அயோத்தியாப்பட்டணத்தில்
ஜவ்வரிசி காய்ந்த களத்தில் இப்போது
ஓர் இறக்கை காய்கிறது.
ப்ரைமர் அடித்து மூன்று மணி நேரம்.
திப்பியின் புளிப்பு இன்னும் தரையை விட்டுப் போகவில்லை.
ஈக்களைப் பொறுத்தவரை
ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மாசியிலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறேன்:
வலது இருக்கைக்கும் ஒரு குச்சி வைப்பதா, வேண்டாமா.
வரைபடத்தில் அதைப் புள்ளிக்கோட்டில் போட்டு
பக்கத்தில் 'விரும்பினால்' என்று எழுதியிருக்கிறது.
நூற்று அறுபது தாளில்
இவ்வளவு கனமான சொல் வேறில்லை.

ஆலையின் பழைய தராசில் வைத்துப் பார்த்தேன்.
குச்சி, குழாய், இரண்டு மிதி, நட்டு போல்ட்டோடு
மூன்று கிலோ நானூறு.
பெட்ரோலாக இருந்தால் நாலரை லிட்டருக்கு மேல்.
கால் மணி நேர ஆகாயம்.
கால் மணி நேரம் கூடுதலாக இருந்தால்
எங்கெல்லாம் இறங்காமல் இருக்கலாம் என்று
இரவில் கணக்குப் போட்டுப் படுத்திருக்கிறேன்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் பார்க்கிற தேவசகாயம்,
விமானப்படையில் பதினெட்டு வருடம் ரிவெட் அடித்தவன்,
ஃபோனில் சொன்னான்:
"பயந்த கை இறுகும்டா.
இறுகின விரலை ஒவ்வொண்ணா நீ பிரிக்கறதுக்குள்ள
தரை வந்துரும். வைக்காதே."
மிளகு காயப்போட யாரையோ அதட்டிவிட்டு
மறுபடி வந்தான்.
"ஆனா நீ மயங்கிட்டா?"

சும்மாதான் கேட்டிருப்பான்.
போன ஆனியில் லேத்துக்குப் பக்கத்தில்
கண் இருட்டி நான் உட்கார்ந்ததை
யாரிடமும் சொல்லவில்லை.
சர்க்கரை இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.
இரண்டு கடலை மிட்டாயில் எழுந்துவிட்டேன்.
சக் மட்டும் அதுவரை சுற்றிக்கொண்டே இருந்தது.

கமலவேணிக்கு மின்வாரியத்தில் வசூல் கவுண்டர்.
ஏற்காடு ரோட்டில் எனக்கு இடப்பக்கம்
எத்தனை வருடமாய் உட்கார்ந்து வருகிறாள்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
இல்லாத பிரேக்கை மிதிப்பாள்.
வாய் மட்டும் திறக்கமாட்டாள்.
போன வாரம் காரைக் கழுவும்போது பார்த்தேன்,
அவள் பக்கத்துக் கால்மிதி தேய்ந்து
தகரம் தெரிகிறது.
என் பக்கத்தில் ரப்பர் புதுசு போல.
அப்படியானால் இத்தனை நாள்
மலையிலிருந்து எங்களை இறக்கியது யார்?

ஞாயிற்றுக்கிழமை அவளை
இறக்கை பூட்டாத உடம்புக்குள் ஏற்றினேன்.
காரில் இடது, இதில் வலது.
அதற்கே ஒரு தடவை சிரித்தாள்.
முழங்கால்களுக்கு நடுவே பிவிசி குழாயை நிறுத்தி
பிடித்துப் பார் என்றேன்.
புடவைக் கொசுவம் அதில் சிக்கியது.
"ரெண்டு குச்சியும் அடியில ஒரே குழாய்தான்.
நீ அசைச்சா என்னதும் அசையும்.
யார் கைன்னு இறக்கைக்குத் தெரியாது."

அவள் குழாயைப் பார்க்கவில்லை.
கதவைத் தடவிக்கொண்டிருந்தாள்.
"இது உள்ளே இருந்து திறக்குமா?"

தாள்களைப் புரட்டினேன்.
வலப்பக்கத் தாழ்ப்பாள் வெளியே மட்டும்.
ஆறு மாதமாக அவள் கைக்கு என்ன கொடுப்பதென்று
யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு
அந்தக் கை கதவைத் தேடும் என்று தோன்றவேயில்லை.

"மொதல்ல அதைப் போடுங்க."
கொசுவத்தை உருவிக்கொண்டு இறங்கும்போது
முன்பலகையில் ஓர் இடத்தை விரலால் தட்டினாள்.
"இங்கே ஒரு சின்னப் பை தைச்சிரலாம்.
கடலை மிட்டாய் வைக்க."

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவளும் நிற்கவில்லை.

சாயங்காலம் வலது தாங்கிக்கு
நாலு புள்ளி குறித்தேன்.
வைப்பதென்று முடிவு செய்தேனா, தெரியாது.
துளை போட்டால் எடை குறையத்தானே செய்யும்
என்று சொல்லிக்கொண்டு டிரில்லை எடுத்தேன்.
மூன்றாவது துளை பாதியில் கரண்ட் போனது.

அவள் காலையிலேயே சொல்லியிருந்தாள்.
நாளைக்கும் மாதாந்திரப் பராமரிப்பு,
ஒன்பதிலிருந்து ஐந்து வரை வராது.

பரவாயில்லை.
தாழ்ப்பாளுக்கு அரம் போதும்.