லாபம், ரெண்டு, மூணு

நீடாமங்கலம் கேட் போட்டுவிட்டார்கள்.
மன்னார்குடி பஸ் இன்ஜினை அணைத்துவிட்டது.
வேர்க்கடலை விற்கிறவன் ஜன்னல் ஜன்னலாக ஏறி இறங்குகிறான்.
எதிரே மாடியில் என் லேப்.
உத்திராபதி சட்டைக் கையைச் சுருட்டி
முழங்கையை மேஜைமேல் வைத்திருக்கிறார்,
ஐந்தாவது முறையாக.

நரம்பு சிக்கவில்லை.
மருந்து ஏறி ஏறிக் கறுத்து
வைக்கோல் பிரிபோல் முறுகிக் கிடக்கிறது.
புறங்கையில் குத்தினேன்.
"பரவால்ல, குத்துங்க" என்றார்,
முப்பது வருஷம் சாக்கில் குத்தூசி செருகி
நெல் எடுத்துப் பார்த்த மனிதர்.

பெருங்குடலில் ஒரு சாண் வெட்டியாயிற்று.
இடது வயிற்றில் ஒரு பை.
மூன்று வாரத்துக்கு ஒருமுறை தஞ்சாவூரில் மருந்து,
அதற்கு முதல்நாள் என்னிடம் வெள்ளணு.

மெஷின் மூவாயிரத்து நூறு என்றது.
அதில் நியூட்ரோஃபில் நாற்பத்தொன்று சதவீதம்.
பெருக்கினால் ஆயிரத்து இருநூற்று எழுபத்தொன்று.
ஆயிரத்து ஐந்நூறு இல்லையென்றால்
மருந்து கிடையாது, திரும்பிப் போ.

அவரும் மனசுக்குள் பெருக்கிவிட்டார்.
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதியவருக்குச்
சதவீதம் சொல்லித்தரவா வேண்டும்.
குரலைத் தாழ்த்தினார்:
"ஒரு எட்டு கூட்டிப் போடுங்களேன்மா.
எட்டுதானே."

இந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன்,
என் தம்பியின் தொண்டையிலிருந்து.
ஒரு ஐப்பசி மழைக்கு நடுவே
பதினேழு காட்டவேண்டிய ஈரப்பதக் கருவி
பத்தொன்பதரை காட்டியபோது:
"ரெண்டரை குறைச்சுப் போடுங்க சார்."
மூட்டைக்கு நாற்பது கொடுத்தவன் நெல்
அதே ஈரத்தோடு லாரி ஏறியது.
எங்களுடையது பதினோரு நாள் கிடந்து
சாக்கின் இழைவழியே பச்சையாக முளைத்தது.
இவருக்கு என் முகம் ஞாபகமில்லை.
எனக்கு இவர் பேனாவின் மூடிகூட ஞாபகம்.

"கையால எண்ணிப் பார்க்கிறேன்" என்றேன்.
என்னால் ஆனது அவ்வளவுதான்.

சொட்டை இழுத்துப் பரப்பி, காயவிட்டு,
சாயம் ஊற்றிக் கழுவி, லென்ஸுக்கு அடியில் தள்ளினேன்.
வெளிறிய சிவப்பணுப் பரப்பில்
அங்கொன்று இங்கொன்று.
ஊதா நூலில் மூன்று முடிச்சு, அது நியூட்ரோஃபில்.
மிளகுபோல் உருண்டால் லிம்போசைட்.
சுவரில் மருந்துக் கம்பெனி ஒட்டிய படத்தில்
இவை வாள் பிடித்திருக்கின்றன.
எனக்கு ஒருநாளும் அப்படித் தெரிந்ததில்லை.
ஆள் வராத நடவு நாளில்
வரப்பில் நின்று பேசும் நாலு பேர் மாதிரிதான்.

முதல் அணுவுக்குப் பொத்தானை அழுத்தினேன்.
ஒன்று என்று வரவில்லை வாயில்.
"லாபம்" என்றேன்,
மரக்கால் பிடித்து அளந்த வீட்டுப் பழக்கம்.
தடுப்புக்கு அப்பாலிருந்து
"ரெண்டு" என்றார் அவர்.

நூறில் மணி அடிக்கும். அடித்தது.
நிறுத்தாமல் இருநூறுவரை போனேன்.
கூடவே எண்ணிய குரல்
எங்கோ நடுவில் நின்றிருந்தது.

நாற்பத்துமூன்று சதவீதம்.
இரண்டு கூடியிருந்தது. எட்டு இல்லை.
இருந்ததையே எழுதினேன்.
பழைய கணக்குக்காக இல்லை என்று
எனக்கே ஒருதரம் சொல்லிக்கொண்டேன்.
முழுசாக நம்பிக்கை வரவில்லை.

"அப்ப நான் இன்னும் காயணும்கிறீங்க."
"ஒரு வாரம்."
சிரித்தார், பையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு.

போன தடவை ஊசி போட்டு ஏற்றினார்கள்.
எலும்பெல்லாம் வலியெடுத்துப் பதினாலாயிரம்.
ஜெயித்துவிட்டதுபோல் கடைத்தெரு முழுக்கச் சொன்னார்.
கூடுவதெல்லாம் லாபமில்லை என்று
அன்றைக்கு நான் சொல்லவில்லை.

"பச்சையா எதையும் வாயில வைக்காதீங்க.
கூட்டத்துல நிக்காதீங்க."
தலையாட்டிக்கொண்டே படி இறங்கினார்.

கேட்டில் நெல் லாரி ஒன்று நின்றிருந்தது.
தார்ப்பாய் ஓரத்தில் சிந்திய ஒரு மணியை
மெல்லக் குனிந்து பொறுக்கினார்.
உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதி,
கடைவாயில் வைத்துக் கடித்தார்.

ரயில் போய்க்கொண்டிருந்தது.
மளுக்கென்று உடைந்ததா,
நசுங்கியதா,
இங்கிருந்து கேட்கவில்லை.