கல் ஒன்று குறைவு

திருமணிமுத்தாற்றின் மேல்
எங்கள் பாலம் எட்டடி உயரந்தான்.
விழுந்தவன் சாக மாட்டான்,
சாயம் ஒட்டிக்கொள்ளும்.
சிவப்பா நீலமா என்பது
பட்டறைக்காரர் அன்றைக்குத் திறந்துவிடுவதைப் பொறுத்தது.

கலவரம் ஓய்ந்த நாலாம் நாள்
டேப்பும் அளவுப் புத்தகமுமாகப் போனேன்.
பகலுக்கு மட்டும் ஊரடங்கைத் தளர்த்தியிருந்தார்கள்.
வடபக்கக் கைப்பிடிச் சுவரில்
பதினேழு அடி இல்லை.

குண்டு விழவில்லை, வெள்ளம் வரவில்லை.
எறிவதற்கு வேறெதுவும் சிக்காமல்
இரு கரையாரும்
பாலத்தையே பெயர்த்திருக்கிறார்கள்.
கிழக்கே பெயர்ந்த கல் மேற்கே போயிற்று,
மேற்கே போனது கிழக்கே திரும்பிற்று.
அந்த இரண்டு மணி நேரமும்
போக்குவரத்து நிற்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எதற்குச் சண்டை?
தேர் திரும்பிய சந்து என்றார் டீக்கடை அம்மாசி.
ஸ்கூட்டர் இடித்தது என்றார் வெள்ளிப்பட்டறை மஸ்தான்.
முன்விரோதம் என்று எழுதியிருந்தது போலீஸ்.

நான்கு வரி, வரிக்கு இருபத்து நாலு.
தொண்ணூற்றாறு கல் இருந்திருக்க வேண்டும்.
ஸ்டேஷன் வாசலில் சீட்டு ஒட்டி அடுக்கியிருந்தவை
தொண்ணூற்றைந்து.
ரத்தம் பட்டவற்றைத் தனியாக வைத்திருந்தார்கள்.
இரண்டு முறை எண்ணினேன்.
ஆடிட்டில் கேட்பார்கள்.

பாலத்தடியில் இறங்கிப் பார்த்தேன்.
இருசாயி உலை வைத்திருந்தாள்.
வலது கை தூளியில் தொங்க
இடது கையால் விறகைத் தள்ளினாள்.
அடுப்புக்கு மூன்று கல்.
இரண்டு கரி பிடித்தவை.
மூன்றாவதன் விளிம்பில் இன்னும் சுண்ணாம்பு.

"அது பாலத்துக் கல்லுங்களே" என்றேன்.

"எம்மேல வந்து விழுந்துச்சு.
யாரு எறிஞ்சதுன்னு கேக்க ஒருத்தரும் வரல.
கல்லக் கேக்க மட்டும் வந்துட்டீங்களாக்கும்?"

அரிசி கொதித்தது. நான் நின்றேன்.
மேலே முதல் பஸ் மெல்லப் போயிற்று.
மண் உதிர்ந்து சட்டியில் விழாமல்
அவள் தட்டால் மூடினாள்.

ஆற்றோடு போயிற்று, ஒன்று,
என்று அளவுப் புத்தகத்தில் எழுதினேன்.
அந்த ஆற்றில் அன்று கணுக்கால் தண்ணீர்.
பொறியாளருக்கு அது தெரியும்;
வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பதினோரு வருஷம் ஆகிறது.
வழக்கு நடக்கிறது.
சான்றுப் பொருள் என்பதால்
தொண்ணூற்றைந்தும் கோர்ட்டுக் கிடங்கில்.
பாலத்துக்குப் பதினேழு அடி இரும்புக் குழாய் போட்டோம்,
தற்காலிகம் என்று.
அதில் யாருடைய சேலையோ காய்கிறது.
பஸ் நெருங்கும்போது
ஈர முந்தானை ஜன்னலுக்குள் வந்து
யார் முகத்தில் வேண்டுமானாலும் படுகிறது.