எருமை பாவம்

பதினெட்டு வருடம் டீசல் பேருந்து ஓட்டினேன்.
லோசான் மேடுகளில் அது முக்கி முனகும்போது
அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து
வாயில் வந்தபடி திட்டுவேன்:
பேருந்துப் பாதையில் காரை நிறுத்திவிட்டு
ரொட்டி வாங்கப் போனவனை,
மேலாளரை, பனியை,
ஒரு மாசி மாதம் முழுக்க என் தம்பியை.
இன்ஜின் எல்லாவற்றையும் விழுங்கும்.
புகையோடு புகையாய்
யாருடைய யன்னலிலோ விட்டுவிட்டுப் போவோம்.

திங்கட்கிழமை பேட்டரி வண்டி தந்தார்கள்.
பழக்க வந்த மொனிக் சொன்னாள்,
பிரேக்கை மற, காலை மட்டும் எடு,
மிச்சத்தை இறக்கம் பார்த்துக்கொள்ளும்.
உஷி ஏரியை நோக்கிச் சரிந்தோம்.
ஏறும்போது கொடுத்ததை
இறக்கம் திருப்பித் தந்தது,
கைமாற்று வாங்கிய அயல்வீட்டுக்காரி மாதிரி,
கொஞ்சம் கொஞ்சமாய்,
முழுவதும் இல்லை.
திரையில் ஒரு பச்சைக் கோடு
எண்ணி எண்ணி வாங்கிக்கொண்டது.

செவ்வாய், தனியாக.
மூன்றாம் நிறுத்தத்தில் அதே வெள்ளைக் கார்,
அதே ரொட்டிக்கடை.
பழக்கதோஷம்.
"எடடா உன்ர தகரத்தை, எருமை!"

யாரோ மழைக்கோட்டுப் பொத்தானைக் கழற்றுவதுகூடக் கேட்டது.
ஏழாவது இருக்கையில்
தாதிச் சீருடையில் ஒரு பெண்
சிரிப்பை அடக்கித் தோற்றுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில்
என் கண்ணாடியருகே வந்து நின்றாள்.
"அண்ணை, எருமை பாவம்."

கதவு மூடியது.
இத்தனை வருடமும் இந்த வழியில்
எத்தனை பேர் தமிழை மடியில் வைத்தபடி
எனக்குப் பின்னால் இருந்திருப்பார்கள்?

மறுசுற்றிலும் அந்தக் கார் நின்றது.
மணியை மட்டும் அடித்தேன்.