அழுத்தி எடுக்கும்போது

போன மாதம் இருமலுக்குப்
படுக்கையை விட்டு எழவே இல்லை நான்.
மூன்று நிமிடம். ஒரு முகம்.
எம்.சி. மின்னஞ்சலில் வந்தது,
மருந்து மதியத்துக்குள்
பதினொன்றாம் மாடிக் கதவில் தொங்கியது.
பலதுறை மருந்தகத்தில் எண் எடுத்து
அடுத்தவர் தும்மலைப் பங்கிட்டுக்கொள்ளும்
அரைநாள் மிச்சம்.
அன்று மாலையே துணி காயப்போட்டேன்,
மீன்கூட வாங்கினேன்.

நேற்றிரவு ஒன்றே முக்கால்.
விடிந்தால் உட்லண்ட்ஸிலிருந்து முதல் பேருந்தை
நான்தான் ஓட்ட வேண்டும்.
வயிறு.

திரையில் டாக்டர் க்வெக்.
அவர் பின்னால் புத்தக அடுக்கு,
அதில் ஏதோ ஒரு பிள்ளை செய்த களிமண் யானை.
எப்படிப்பட்ட வலி என்றார்.
சுருக்கென்றா, கடுகடுவென்றா,
பிசைவதா, இழுப்பதா, குடைவதா,
தமிழில் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தது.
ஆங்கிலத்தில் கைக்கு அகப்பட்டது ஒன்றுதான்:
"பெயின், டாக்டர். வெரி பெயின்."
ஒன்றிலிருந்து பத்துக்குள் எண் கேட்டார்.
ஆறு என்றேன்.
எட்டு என்றால் வேலைக்கு விடமாட்டாரோ என்று
இரண்டைக் குறைத்தேன்.

வாயு என்றுதான் அவரும் தொடங்கினார்.
மாத்திரையின் பெயர்கூடச் சொல்லியாயிற்று.
பிறகு என்ன தோன்றியதோ,
"பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?"

இளம்பரிதி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.
கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தோம்.
தொப்புளுக்குக் கீழே, வலப்பக்கம்,
இன்னும் கொஞ்சம்...
பதினெட்டு வருடமாக என்னைத் தொட்ட கை
முதல் தடவையாக
இன்னொருவர் சொல்லச் சொல்லத் தொட்டது.
"அழுத்துங்கள். வலிக்கிறதா?"
கொஞ்சம்.
"சட்டென்று கையை எடுங்கள்."

நான் கத்தியதில்
எதிர் புளோக்கில் ஒரு விளக்கு எரிந்தது.

டாக்டர் மாத்திரையைப் பற்றி அப்புறம் பேசவில்லை.
"டாக்சி பிடியுங்கள். இப்போதே."
அவர் குரலும் லேசாக நடுங்கிற்று,
அல்லது வைஃபை.

ஈசூன் வரும்வரை அதையே நினைத்தேன்:
இவர் இரவு வேலைக்குப் போயிருந்தால்
என் வாய் சொன்ன பொய்யை
என் கையும் சொல்லியிருக்கும்,
மெதுவாக அழுத்தி, மெதுவாக எடுத்து.

அவசரப் பிரிவில் ஒரு தாதி
ஐஸ் மாதிரி விரல்கள்,
ஒன்றும் கேட்காமல்
நேராக அந்த இடத்தில் வைத்தாள்.

முதல் பேருந்தை யாரோ எடுத்தார்கள்.

இன்று நான்கு தையலோடு படுத்தபடி பார்க்கிறேன்,
இருபத்தெட்டு வெள்ளி கழிந்திருக்கிறது,
கூடவே ஒரு கேள்வி:
மருத்துவருக்கு எத்தனை நட்சத்திரம்?
மறுபடியும் ஓர் எண்.
இன்னும் பதில் போடவில்லை.