ஆயத்துறை

வியாழக்கிழமைகளில்
குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்திருப்பேன்.
எங்களூரில் பாதை என்பது தார் போட்டதல்ல,
மிதப்பது.
தகரத் தட்டு, பக்கக் கம்பி, புகை கக்கும் இயந்திரம்.
அதற்கு முன்னுமில்லை பின்னுமில்லை.

அக்கரை மண்டூர்.
பதினேழு பெண்கள், ஒரு மாமர நிழல்,
பிளாஸ்ரிக் கதிரை எனக்கு மட்டும்.
என் பையில் வசூல் அட்டைகள், கொம்பனி முத்திரை,
அடியில் வேதப்புத்தகம்.
ஞாயிறு வாசிப்பு என் முறை வந்தால்
பாதையில் நின்றுதான் வாய்விட்டுப் பழகுவேன்.
இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

அன்றைய பகுதி சின்னது.
ஆயத்துறையில் வரி வாங்கிக்கொண்டிருந்தவனை
போகிற போக்கில் அவர் கூப்பிட்டார்.
எழும்பிப் போனான்.
கணக்குப் புத்தகத்தை மூடினானா,
அன்றைய காசை யார் கையில் கொடுத்தான்,
இரவு வீட்டில் என்ன சொன்னான்,
ஒன்றும் எழுதிக் கிடக்கவில்லை.
எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

யோகமலர் மாடு வாங்கக் கடன் எடுத்தவள்.
மாடு பங்குனியில் செத்தது.
கடன் சாகவில்லை.
ஒருத்தி கட்டாவிட்டால் எல்லோரும் கட்டவேண்டும் என்பதால்
மற்றப் பதினாறு பேரும் மண்ணைப் பார்த்திருந்தார்கள்.

அவள் கை நீட்டினாள். காசில்லை,
நாலாய் மடித்த துண்டுப் பிரசுரம்.
"தம்பி, போன நத்தாருக்கு நீங்க தந்த துண்டு.
நல்ல செய்தி எண்டு போட்டிரிக்கி.
கடனெல்லாம் தீந்து போச்சு எண்டும் போட்டிரிக்கி.
எந்தக் கடன் எண்டு இல்ல.
மெய்யா?"

அது பாவக்கடன் அக்கா என்று வாயெடுத்தேன்.
பொய்யில்லை.
ஆனால் கதிரையில் இருந்தபடி,
முத்திரையை மடியில் வைத்தபடி சொல்ல
பொய்யாய் ருசித்தது.

செய்தி என்றால் நடந்து முடிந்ததைச் சொல்வது.
ஒருவர் எங்கள் எல்லோருக்குமாய் அடைத்துவிட்டார்,
கையெழுத்துப் போட்ட இடத்தில் ஆணி.
இலவசமாய் வாங்கினேன், இலவசமாய் அச்சடித்தும் கொடுத்தேன்.
அவள் கேட்ட பிறகுதான்
அதற்கு என் கையிலும் ஒரு விலை இருப்பது தெரிந்தது.

மூவாயிரத்து இருநூறு. என் பர்சிலிருந்து.
அட்டையில் "செலுத்தப்பட்டது" என்று எழுதினேன்.
யார் செலுத்தியது என்று கேட்க
அந்த அட்டையில் கட்டமில்லை.

அடுத்த வியாழன் நான்கு பேர் கேட்டார்கள்.
அதற்கடுத்தது ஒன்பது.
இப்படிப் போனால் ஆனிக்குள் மோட்டார் சைக்கிளும் போய்விடும்.
"ஆரைக் கேட்டு?" என்றாள் சலோமி,
சோற்றில் கை வைத்தபடி.
பதில் சொல்லத் தெரியவில்லை.
எழுதாமல் விட்ட பகுதி இதுதான் போலும்.

மனந்திரும்புதலைப் பற்றி ஐயர் முக்கால் மணிநேரம் பேசுவார்.
பாதைக்கார விநாசித்தம்பிக்கு ஒரு வரி போதும்,
ஏறுகிற எவருக்கும் அதையே சொல்வார்:
"பாத கிறுகாது சேர், நீங்கதான் கிறுகோணும்."

இப்போது நடுவாவி.
பையில் புதிதாய் ஒரு கடிதம்,
வேலையை விடுகிறேன் என்று இரண்டே வரி.
திகதி போடவில்லை.
கம்பியில் ஒரு மீன்கொத்தி,
எந்தக் கரைக்குப் போகிறதென்று அதற்குக் கவலையில்லை.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை.
கூப்பிட்டிருக்கலாம்.
இயந்திரச் சத்தம் என்று
சொல்லிக்கொண்டிருக்கிறேன்.