காலி டிரம் பன்னிரண்டு

கேட் பாஸில் நான்தான் எழுதினேன்:
காலி டிரம், நீலம், பன்னிரண்டு.
தேதி, நேரம், வண்டி எண்.
கையெழுத்து: ரா. சௌடேஸ்வரி, ஸ்டோர்ஸ்.

கொண்டலாம்பட்டிச் சாயப்பட்டறையில்
காலி என்றால்
கவிழ்த்தால் சொட்டாதது.
அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.
நானும்.

உள்ளே இருந்தது
நூலின் எண்ணெய்ப் பிசுக்கைத்
தண்ணீரோடு பேசவைக்கும் மருந்து.
விற்க வந்த பையன் சொன்னான்:
"அயனி இல்லாததுங்க மேடம், ரொம்ப சாது.
பிளஸ்ஸும் கிடையாது, மைனஸும் கிடையாது.
சேலத்து உப்புத்தண்ணியோடகூட
வம்புக்குப் போகாது."

சாதுதான்.
தண்ணீருக்குத் தலையைக் காட்டும்,
எண்ணெய்க்கு வாலைக் காட்டும்.
விலாங்குக்குத் தெரிந்த வித்தை
வேறென்ன?

அதனோடு வந்த தாள் பதினான்கு பக்கம்.
முதல் பக்கத்தில் சிவப்புக் கட்டத்துக்குள்
இலையில்லாத ஒரு மரம்,
மல்லாந்து செத்த ஒரு மீன்.
கோப்பில் கோக்க நான் குத்திய ஓட்டை
மீனின் கண்ணில் விழுந்திருந்தது.
அன்று அதுகூட எனக்கு உறுத்தவில்லை.

பன்னிரண்டாம் பகுதியை
மிகத் தாமதமாகப் படித்தேன்.
ஆற்றுக் கிருமிகள் அதன் தலைச்சங்கிலியை
ஒவ்வொரு கண்ணியாகத் தின்னுமாம்.
வாலைத் தொடாதாம்.
மிஞ்சிய வால் சேற்றில் படுத்துக்கொண்டு
மீனுக்குள் புகுந்து
பெண்ணின் சுரப்புநீர் போல வேஷம் கட்டுமாம்.
ஆண் மீனுக்குத் தன் உடம்பிலேயே
குழப்பம்.

ஏன் படித்தேன் என்றால்,
டிரம் உருட்டும் மாதையன் நாலு நாள் வரவில்லை.
கை வெடித்துத் தோல் உரிகிறது என்றார்கள்.
சீலநாயக்கன்பட்டி தாண்டி
அவர் வீட்டுக்குப் போனேன்.
எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற மேட்டூர்த் தண்ணீர்
அன்றுதான் வந்திருந்தது.
வாசலில் நீல டிரம், விளிம்புவரை.
பேரப்பையன் மொண்டு ஊற்றி விளையாடினான்.
ஊற்றும் இடத்தில் நுரை.
சின்னச் சின்னதாய், வெள்ளையாய்,
உடைய மனமில்லாத நுரை.

"நல்ல டிரம்முங்க, கனம்" என்றார் மருமகள் பழனியம்மா.
"அறுநூறு ரூபா. எட்டுத் தரம்
சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்,
நுரைதான் போகமாட்டேங்குது."

லேபிளைச் சுரண்டியிருந்தார்கள்.
தோள்பட்டையில் மார்க்கர் எழுத்து அப்படியே:
லாட் 7, சரிபார்க்கப்பட்டது, ரா.சௌ.
என் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும்.
பள்ளிக்கூடத்தில் அதற்கு அடி வாங்கியிருக்கிறேன்.

என்ன சொன்னேன் என்று நினைவில்லை.
தண்ணீரைக் கொட்டச் சொல்லியிருப்பேன்.
எட்டு நாள் தண்ணீர்.
பழனியம்மா என் முகத்தை அப்படிப் பார்த்தார்.
சாக்கடை வழியே அது ஓடி
திருமணிமுத்தாற்றுக்குத்தான் போகும்.
கொட்டச் சொன்னவளுக்கு அதுவும் தெரியும்.

இப்போது ஒவ்வொரு காலி டிரம்மிலும்
டிரில் வைத்து மூன்று ஓட்டை போடச் சொல்கிறேன்.
"ஓட்டை டிரம்முக்கு எவன் காசு தருவான்?"
முதலாளி குப்புராஜ் கேட்டார்.
விற்றவனிடமே திருப்பி அனுப்பலாம் என்றேன்.
வண்டிக்கூலி யார் கொடுப்பது என்றார்.
இந்த மாதம் என் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்,
அடுத்த மாதம் பேச வேண்டும்.

ஏழு டிரம் கிடைத்துவிட்டது.
ஒன்றில் இட்லி மாவு இருந்தது.
மீதி ஐந்துக்காகச் செவ்வாய்ப்பேட்டையில்
பழைய டிரம் வாங்கி விற்கும் சாதிக்குக்கு
தினமும் போன் செய்கிறேன்.
பொறுமைசாலி, எடுத்துவிடுகிறார்.

"அக்கா,
கடை முழுக்க நீலம்தான் அடுக்கியிருக்கு.
எந்த நீலத்தைக் கேக்கறீங்க?"